பாலும் கோமியமும் சொல்லும் சேதி: ரத்தம் எடுக்காமலே மாட்டின் நோயைக் கண்டுபிடிக்கலாம்

"மாடு நல்லாத்தான் தின்னுது, அசை போடுது. மடியில வீக்கம் இல்ல. ஆனா பால் மட்டும் நாளுக்கு நாள் இறங்குது. என்ன செய்யலாம்?"

தென்காசி மாவட்டத்தில் அச்சன்புதூர், வடகரை, பண்பொழி வட்டாரத்துக் கறவை மாட்டுக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மேக்கரை அடவிநயினார் அணைத் தண்ணீரில் நெல் விளையும் பகுதி இது. வயலில் நெல், வரப்பில் தென்னை, வீட்டோடு இரண்டு மூன்று மாடு என்றுதான் பெரும்பாலான குடும்பங்களின் பிழைப்பு. நெல்லுக்கான பணம் அறுவடை முடிந்துதான் கைக்கு வரும். பால் பணம் அன்றாடச் செலவுக்கு ஆகும். பிள்ளைகளின் பஸ் காசும் வீட்டு மளிகையும் அதில்தான் ஓடுகின்றன. அந்தப் பால் இறங்கினால் வீட்டுக் கணக்கே ஆடிப்போகும்.

மாட்டுக்கு நோய் என்றதும் ரத்தப் பரிசோதனைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சில நோய்களுக்கு ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ஆனால், பால், கோமியம், கருப்பைச் சளி, முதல் வயிற்றுச் சாறு என்று மாட்டின் உடம்பிலிருந்து எடுக்கக்கூடிய மற்ற நீர்களிலும் நோயின் அடையாளம் இருக்கிறது. பாலும் கோமியமும் தினமும் கண்ணெதிரே கிடைப்பவை. சில பரிசோதனைகளைத் தொழுவத்திலேயே செய்துவிடலாம். மற்றவற்றுக்கு மாதிரியை முறையாக எடுத்துக் கொடுத்தால் போதும், ஆய்வகம் பதில் சொல்லிவிடும்.

மறைந்திருக்கும் மடிநோய்

மடி வீங்கி, சூடேறி, பால் திரிந்து வந்தால் மடிநோய் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மடியில் எந்த மாற்றமும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும் மடிநோய்தான் சிக்கலானது. பால் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், அளவு மட்டும் குறையும். நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டில் தினமும் 1 லிட்டர் குறைந்தால் நூறு நாளில் 100 லிட்டர் போச்சு. தீவனச் செலவோ ஒரு ரூபாய்கூடக் குறையாது.

மடிக்குள் கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க உடம்பிலிருந்து வெள்ளை அணுக்கள் பாலுக்குள் இறங்குகின்றன. நல்ல மடியில் 1 மில்லி பாலில் ஒரு லட்சத்துக்கும் குறைவான அணுக்களே இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் அந்தக் காம்பில் கிருமி இருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். இதைத் தொழுவத்திலேயே கண்டுபிடிக்க 1957-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் உருவாக்கிய முறைதான் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை. நான்கு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாகக் கறந்து, அதே அளவு சோதனைத் திரவத்தை விட்டு, தட்டை வட்டமாக ஆட்ட வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள பால் கஞ்சிபோல் கெட்டியாகி, முற்றினால் ஜெல்லிபோல் திரளும். திரவத்திலுள்ள சோப்பு வெள்ளை அணுக்களை உடைப்பதால் அவற்றுக்குள் இருக்கும் மரபுப்பொருள் வெளிவந்து பிசுபிசுக்கிறது. அணுக்கள் கூடக்கூட பிசுபிசுப்பும் கூடும்.

அந்தத் திரவம் கையில் இல்லாவிட்டால் சலவைத்தூளே போதும். பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் சிறு விவசாயிகளுக்காக உருவாக்கிய முறை இது. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனியே கறந்துவிட்டு, நான்கு காம்பின் பாலையும் நான்கு சின்னக் கிண்ணங்களில் எடுத்து, சம அளவு கரைசல் ஊற்றி அரை நிமிடம் சுழற்றிப் பார்க்கலாம். எந்தக் கிண்ணம் கெட்டியாகிறதோ அந்தக் காம்பில்தான் கோளாறு. சோதித்த பாலைக் கீழே கொட்டிவிட வேண்டும், கன்றுக்கும் காட்டக் கூடாது. கன்று ஈன்ற முதல் வாரத்திலும், பால் வற்றும் நேரத்திலும் நல்ல மடிகூடக் கெட்டி காட்டும். அந்த நாட்களில் இந்தச் சோதனை வேண்டாம்.

மாதம் ஒரு முறை சோதித்து, மாட்டின் பெயர், தேதி, காம்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், மடி வீங்கும் முன்பே நோயைப் பிடித்துவிடலாம். குற்றாலச் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தொழுவத் தரை காயாது. ஈரத்தில் படுக்கும் மாட்டின் காம்பு வழியாகக் கிருமி எளிதாக ஏறும். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது.

ஊசிக்கு முன்பே பால் எடுக்க வேண்டும்

காம்பு தெரிந்துவிட்டது. அடுத்தது, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது. இதைத் தொழுவத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில் பாலைக் கிருமி வளரும் தட்டில் தடவி, இரண்டு மூன்று நாள் வளர்த்துப் பார்ப்பார்கள். வளர்ந்த கிருமிமேல் பல மருந்து வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றி வளர்ச்சி நிற்கிறது என்று கவனிப்பார்கள். அந்த மருந்தைத்தான் மாட்டுக்குப் போட வேண்டும்.

பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கையில் கிடைத்த ஊசியைப் போட்டு, கேட்காமல் அடுத்த ஊசியைப் போட்டு, நாலாவது ஊசியும் பலிக்காதபோதுதான் பால் ஆய்வகத்துக்குப் போகிறது. அதற்குள் மருந்து பாலில் கலந்திருக்கும், தட்டில் கிருமி வளராது. முடிவு "கிருமி இல்லை" என்று வரும், மாடோ தேறியிருக்காது. அதனால் ஆன்டிபயாட்டிக் போடும் முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும் முறை: கையைச் சோப்பு போட்டுக் கழுவி, மடியைத் துடைத்துக் காய விட வேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். முதல் பீய்ச்சல்களைத் தள்ளிவிட்டு, மருந்தகத்தில் தரும் கிருமி நீக்கிய குப்பியில் 5 முதல் 10 மில்லி பிடிக்க வேண்டும். குப்பியின் வாயில் காம்போ விரலோ படக் கூடாது. மூடி, மாட்டின் அடையாளமும் காம்பும் தேதியும் எழுதி ஒட்டி, ஐஸ் போட்ட டப்பாவில் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலை மருத்துவர் சொல்லும் நாள் வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, வீட்டிலும் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைப்பது தவறு. பல மருந்துகள் கொதித்தாலும் அழிவதில்லை.

மடிநோயின் தொடக்கத்தில் பலருக்கும் கைகொடுப்பது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைப் பூச்சு. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, ஒரு கைப்பிடி எடுத்து தண்ணீரில் கரைத்து, கறந்து கழுவிய மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். பூசிய பிறகும் சலவைத்தூள் சோதனையைச் செய்து பார்த்தால்தான் குணமா இல்லையா என்று தெரியும். காய்ச்சல் இருந்தாலோ, பாலில் ரத்தமோ சீழோ வந்தாலோ பூச்சோடு நிறுத்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கோமியத்தின் நிறமும் வாசனையும்

கன்று ஈன்று இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் கறந்துகொண்டிருந்த கலப்பின மாடு திடீரென்று அடர்தீவனத்தை ஒதுக்கும். வைக்கோலை மட்டும் கொறிக்கும். உடம்பு வற்றும். மூச்சிலும் பாலிலும் ஒருவிதப் பழ வாடை வரும். இது கீட்டோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். பாலுக்கு வேண்டிய சக்தி தீவனத்திலிருந்து கிடைக்காதபோது மாடு தன் கொழுப்பைக் கரைக்கிறது. அதில் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் சேர்ந்து, கோமியத்தில் இறங்குகிறது.

இதற்கு 1908-ல் ரொத்தேரா என்பவர் வெளியிட்ட சோதனைதான் இன்றும் கால்நடை மருந்தகங்களில் நடக்கிறது. கோமியத்தில் அம்மோனியம் சல்பேட்டையும் சோடியம் நைட்ரோபுரூசைடையும் கலந்து, மேலே மெதுவாக அம்மோனியா விட்டால், கீட்டோன் இருக்கும் மாட்டில் கத்தரிப்பூ நிற வளையம் தோன்றும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மனிதர்களின் சிறுநீரைச் சோதிக்கும் கீட்டோன் பட்டையையும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் குளுக்கோஸ் ஊசியிலும், வெல்லம், கிளிசரின் போன்ற வாய்வழி மருந்திலும் மாட்டைத் திருப்பிவிடலாம். பசியில்லை என்று நினைத்து வெறும் செரிமான மருந்து கொடுத்துக் காத்திருந்தால் அந்த ஈத்தின் பாலே போய்விடும்.

கோமியம் பிடிக்க மாட்டை விரட்ட வேண்டாம். அறைக்குக் கீழே, மடிக்கு மேலே உள்ள தோலை விரல்களால் மெதுவாக மேலும் கீழும் வருடினால் பெரும்பாலான மாடுகள் சிறுநீர் விட்டுவிடும். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைக் கழுவிக் காய்ந்த பாட்டிலில் பிடித்தால் போதும்.

கோமியம் சிவப்பாகவோ காபி நிறத்திலோ வந்தால் உடனே கவனிக்க வேண்டும். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் ஆடாமல் வைத்துப் பாருங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால், சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ ரத்தக் கசிவு இருக்கலாம். மலைச்சரிவில் மேயும் மாடு பெரணிச் செடியை நெடுநாள் தின்றாலும் இப்படி வரும். எவ்வளவு நேரம் வைத்தாலும் படியாமல் முழுக்க அதே நிறத்தில் இருந்தால், ரத்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைகின்றன என்று பொருள். உண்ணி பரப்பும் பபீசியா நோயும், கன்று ஈன்றபின் வரும் பாஸ்பரஸ் குறைபாடும் இதற்கு முக்கியக் காரணங்கள். இதில் எது என்று சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும். எந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது கோமியம்தான்.

மாட்டுப் பொங்கலும் முதல் வயிறும்

பொங்கல் சோறு, கல்யாண வீட்டில் மிஞ்சிய சாதம், வடித்த கஞ்சி எல்லாவற்றையும் மாட்டுக்கு வைக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. கை நிறையக் கொடுத்தால் பாதகமில்லை. குண்டான் நிறைய வைத்துவிட்டால், முதல் வயிற்றில் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். மாடு தள்ளாடும், அசை போடாது, கழிச்சல் வரும், ஓரிரு நாளில் உயிரே போகலாம்.

மருத்துவர் குழாய் வழியே முதல் வயிற்றுச் சாற்றைக் கொஞ்சம் எடுத்து, அமிலம் பார்க்கும் தாளில் நனைத்துப் பார்ப்பார். நல்ல மாட்டில் அந்த அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். 5.5-க்குக் கீழே போனால் அமிலம் ஏறிவிட்டது. சாறு பச்சையாக இல்லாமல் பால் கலந்த சாம்பல் நிறத்தில் புளிப்பு நாற்றத்துடன் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால், வழக்கமாக ஓடியாடும் நுண்ணுயிர்கள் அசையாமல் கிடக்கும். பழைய யூரியாத் தண்ணீரைக் குடித்த மாட்டில் இதற்கு நேர்மாறாக, 7.5-க்கு மேல் காரம் ஏறியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அமிலத்துக்குச் சோடா உப்பு, காரத்துக்கு வினிகர் என்று மருத்துவர் கொடுப்பார். பார்க்காமல் மாற்றிக் கொடுத்தால் நோய் கூடும்.

சினை நிற்காத மாடு

மூன்று நான்கு முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத மாட்டுக்குப் பருவ நேரத்தில் வரும் சளியைக் கவனியுங்கள். கண்ணாடிபோல் தெளிவாக, நூலாக நீண்டு தொங்கினால் நல்லது. கலங்கலாகவோ, வெள்ளைத் துகளோடோ வந்தால் கருப்பையில் புண் இருக்கலாம். தெளிவாகத் தெரியும் சளியிலும் சில நேரம் நோய் மறைந்திருக்கும். ஆய்வகத்தில் சளியோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். நிறமில்லாமல் இருந்தால் நல்லது, மஞ்சளாக மாறினால் நோய். அப்போது அந்தப் பருவத்தில் ஊசி போடாமல் கருப்பைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, அடுத்த பருவத்தில் போடலாம். ஒரு பருவம் தவறினால் 21 நாள்தான் நட்டம். பார்க்காமல் ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டே போனால் மாதக்கணக்கில் வெறும் மாட்டுக்குத் தீவனம் போட வேண்டிவரும்.

எட்டு, ஒன்பது மாதச் சினையில் கன்று விழுந்துவிட்டால் "கண் திருஷ்டி" என்று விட்டுவிடக் கூடாது. புருசெல்லா கிருமியாக இருக்கலாம். அது மனிதருக்கும் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை என்று மாதக்கணக்கில் ஆளைப் படுத்தும். 1887-ல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். நோய் எப்படிப் பரவுகிறது என்பது பல ஆண்டுகள் தெரியவில்லை. 1905-ல் தெமிஸ்டாக்லிஸ் ஸாமித் என்ற மால்டா மருத்துவர், நோயே தெரியாத ஆடுகளில் அந்தக் கிருமி இருப்பதைக் காட்டினார். ஆட்டுப்பாலில் அது இறங்குவது தெரிந்து, அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

இன்றும் பல மாடுகளின் பாலைச் சேர்த்துச் சோதிக்கும் பால் வளையச் சோதனை இருக்கிறது. நிறமேற்றிய கிருமித் திரவத்தைப் பாலில் சேர்த்து வைத்தால், நோயுள்ள பாலில் மேலே ஏறும் ஆடையில் வண்ண வளையம் தெரியும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாமல், மருத்துவர் மாதிரி எடுத்தபின் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் தடுப்பூசி ஒரு முறை போட்டால் போதும். 2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இது இலவசம்.

மாதிரி தாமதமானால் பதில் மாறும்

இதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்குப் போன 15,300 லிட்டர் பால் டேங்கர் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. அங்கே சோதித்த கேரளப் பால்வளத் துறை, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகச் சொன்னது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த மாதிரியில் அது இல்லை என்று முடிவு வந்தது. இரண்டாவது மாதிரி தாமதமாக எடுக்கப்பட்டது என்பதுதான் அப்போது எழுந்த வாக்குவாதம். பெராக்சைடு நேரம் ஆக ஆகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடக் கூடியது. இரண்டு துறைக்கே இந்த நிலை என்றால், வெயிலில் பைக் பெட்டியில் அரைநாள் கிடந்த குப்பியிலிருந்து சரியான முடிவை எதிர்பார்க்க முடியாது.

எங்கே கொடுப்பது?

முதலில் உள்ளூர் அரசு கால்நடை மருந்தகம். அங்கே முடியாததை மருத்துவர் கடிதத்தோடு கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ, திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பலாம். நடக்க முடியாத மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

விவசாயிகள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: கோமியத்தில் கோதுமையைப் போட்டால் மாடு சினையா என்று தெரியுமாமே?

பதில்: ஒரு பங்கு கோமியத்தை 14 பங்கு தண்ணீரில் கலந்து, 15 கோதுமை மணிகளை அதில் நனைத்து ஐந்து நாள் வைப்பார்கள். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர். சினை மாட்டின் கோமியத்தில் முளைப்பு வெகுவாகக் குறையும். பெங்களூரு ஆய்வாளர்கள் இதற்குப் புண்ணியகோடி சோதனை என்று பெயர் வைத்தார்கள். பழங்கால எகிப்தில் பெண்களுக்கே இப்படி ஒரு சோதனை இருந்தது. ஆனால் அங்கே முளைத்தால்தான் கர்ப்பம் என்று கணக்கு. செலவில்லாத முறை, பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். ஆனால் விதை பழசாக இருந்தாலும், கோமியம் கெட்டியாக இருந்தாலும் முளைப்பு குறையும். இதை மட்டும் நம்பி மாட்டை விற்கவோ வாங்கவோ வேண்டாம். ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும்போல. கையை விட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. கோமாரியாக இருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம். வெறிநோயுள்ள மாட்டின் எச்சிலில் கிருமி இருக்கும், கையில் சிறு கீறல் இருந்தாலும் ஏறிவிடும். மாட்டைத் தனியே கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இருப்பதே ஒரு மாடு. இத்தனை சோதனையும் வேண்டுமா?

பதில்: எல்லாம் வேண்டாம். மாதம் ஒரு முறை சலவைத்தூள் சோதனை, கன்று ஈன்ற மூன்றாவது வாரத்தில் ஒரு முறை கோமியத்தில் கீட்டோன், இரண்டாவது ஊசியும் நிற்காவிட்டால் சளி. இந்த மூன்றும் போதும். ஒரே மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அது படுத்துவிட்டால் மாற்று மாடு கிடையாது.